‘எச்ச வலிமை’க்கு மாற்றாக ‘விரிசற்பிடி வலிமை’

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எஃகிழைக் கான்கிரீட்டில், அதாவது சிறு எஃகு இழைகள் கலந்த கான்கிரீட்டில், விரிசல் விட்ட பிறகும் தாங்கும் வலிமையை ‘ரெசிடுவல் ஸ்ட்ரெங்த்’ என்கிறார்கள். அதற்கு ‘எச்ச வலிமை’ போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

எச்சம் என்றால் இருந்ததில் மிஞ்சியது. விரிசல் விட்டதும் அந்த இடத்தில் கான்கிரீட்டின் சொந்த இழுவலிமை சட்டென்று சரிந்துவிடுகிறது. அதுவரை ஏறக்குறைய சும்மா கிடந்த இழைகள் அப்போதுதான் வேலையைக் கையில் எடுக்கின்றன. இழையைத் தாராளமாகப் போட்டால், வளைவுச் சோதனையில் முதல் விரிசலின்போது தாங்கியதைவிடக் கூடுதலாகவே தாங்கும். முதலைவிட மிச்சம் பெரிது என்றால் எந்தக் கணக்குப்பிள்ளை ஒத்துக்கொள்வார்? போதாததற்கு, பற்றவைத்த எஃகுக்குள் தங்கிவிடும் தகைவையும் (உள்ளே நிற்கும் விசையழுத்தத்தையும்) ‘எச்சத் தகைவு’ என்கிறோம். மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

கப்பலூர்ப் பக்கம் கிடங்குத் தளம் போடுகிறவன் நான். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 14651 முறைப்படி, 150 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டும் குறைந்தது 550 மி.மீ. நீளமும் உள்ள விட்டத்தின் அடியில், நடுவே 25 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு போட்டு வளைப்பார்கள். வெட்டின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மி.மீ. திறக்கும்போது உள்ள சுமையிலிருந்து நான்கு வலிமைகள் கிடைக்கும். முதலாவது பயன்பாட்டு நிலைக் (அன்றாடப் பயன்பாட்டுக்கான) கணக்குக்கு, மூன்றாவது இறுதி நிலைக்கு (உடையும் எல்லைக்கு). சோதனை முடிந்து பிளந்த முகத்தைப் பாருங்கள். இழைகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவை அறுந்திருக்காது, நுனிக் கொக்கி நிமிர்ந்து, உருவிக்கொண்டு வந்திருக்கும். அந்த உருவலுக்கு ஆகும் ஆற்றல்தான் விட்டத்தைப் படக்கென்று ஒடியவிடாமல் வைத்திருக்கிறது. எங்கள் கொத்தனார் பார்த்துவிட்டு, “கம்பி வெடிப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது” என்றார்.

ஆகவே ‘விரிசற்பிடி வலிமை’ என்கிறேன். விரிசல் இருந்தால்தானே பிடிக்க முடியும்? ‘பிறகு’ என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிட்டது. ‘பின்விரிசல் வலிமை’ என்றால் பின்னால் வந்த இன்னொரு விரிசல் என்று படிக்கும். ‘தாங்குவலிமை’யும் சரிப்படாது, அஸ்திவாரக்காரர்கள் அதை மண்ணுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அப்புறம், ‘ஸாஃப்ட்னிங்’குக்கு ‘மென்மையாதல்’ வேண்டவே வேண்டாம். எதுவும் மெத்தென்று ஆவதில்லை. விரிசல் அகல அகலத் தாங்கும் தகைவு குறைகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பதமான, தகைவு கூடும் ‘ஹார்டனிங்’குக்கு ‘இறுகல்’ வைத்தால், கலவை கெட்டிப்படுவதற்கும் அதே சொல். ‘இறங்குமுகம்’, ‘ஏறுமுகம்’ போதாதா? பங்குச்சந்தைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நிபந்தனை: எந்தச் சோதனை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நேரிழுவையில் (நேராக இழுத்துப் பார்க்கும் சோதனையில்) இறங்குமுகமாக இருக்கும் கலவை வளைவில் ஏறுமுகம் காட்டலாம். விரிசல் மேலே ஏற ஏற, இன்னும் பல இழைகள் சுமைக்குத் தோள் கொடுக்க வருகின்றன. முன்னொட்டு இல்லாமல் வெறும் ‘ஏறுமுகம்’ என்று அட்டவணையில் போட்டால், கணக்குப் போடுகிறவர் நேரிழுவைக்கும் அதையே எடுத்துக்கொள்வார்.