25 படுக்கை ஆஸ்பத்திரி, ராத்திரி வார்டில் நர்ஸ் பிராக்டிஷனர் மட்டும்: ஒத்துக்கொள்ளலாமா?

கரிசல்காட்டான்:
மேற்குக் கான்சாஸில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். ஜே-1 விசா வெய்வர் (ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு), இரண்டாவது வருடம். நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான்: ரெசிடென்சி (டாக்டர்களுக்கான மேற்பயிற்சி) முடிந்து ஊர் திரும்பாமல் இங்கேயே இருக்க வேண்டுமென்றால், டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம். ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர்.

போன வாரம் நிர்வாகம் ஒரு திட்டத்தை நீட்டியது. இனி இரவிலும் சனி, ஞாயிறிலும் வார்டு முழுக்க நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதலாகப் படித்து, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ், சுருக்கமாக என்.பி.) பொறுப்பு. அட்மிஷன், ஆர்டர், டிஸ்சார்ஜ் எல்லாம் அவர்களே. டாக்டர் போனில் இருந்தால் போதும். லோகம் (தற்காலிக) டாக்டருக்குக் கொட்டிக் கொடுக்கும் பணம் மிச்சமாகும் என்பது கணக்கு.

சட்டம் தடுக்கவில்லை. 1997-இல் கொண்டுவந்த கிரிட்டிக்கல் ஆக்சஸ் ஆஸ்பத்திரி வகை எங்களுடையது. அதிகபட்சம் 25 படுக்கை, சராசரியாக 96 மணி நேரத்துக்குள் நோயாளி வீட்டுக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். டாக்டர் எந்நேரமும் கட்டடத்துக்குள் இருந்தாக வேண்டும் என்று அந்த விதிகள் கேட்பதில்லை. எனக்கும் தூக்கம் கிடைக்கும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

நெல்லைச்சீமை:
ஒப்பாதுதான் தம்பி. டல்லாஸில் ஐசியூவில் 22 வருடமாக இருக்கிறேன், சின்ன ஊர்களிலிருந்து வரும் டிரான்ஸ்ஃபர் எல்லாம் எங்கள் கதவைத்தான் தட்டும். போன வருடம் ஒருவர் வந்தார், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். முதுகுவலி, லேசான காய்ச்சல், சர்க்கரை நோய். அங்கே மூன்று நாள் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது இரண்டு காலும் அசையவில்லை. முதுகுத்தண்டைச் சுற்றிச் சீழ். மூன்று நாளும் பார்த்தது ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்.

இன்டர்னல் மெடிசினில் மூன்று வருட ரெசிடென்சி முடிப்பதற்குள் ஒருவன் நோயாளி பக்கத்தில் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பான். என்.பி. படிப்புக்குக் குறைந்தபட்சம் 500 மணி நேரமாக இருந்தது, 2022-இல்தான் 750 என்று உயர்த்தினார்கள். பகலில் நாலு பேர் சுற்றி இருக்கும்போது அந்த வித்தியாசம் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தெரியும்.

மதுரைமல்லி:
அண்ணாச்சி, அந்தக் கதை எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் முதுகுத்தண்டுச் சீழை எம்.டி.க்களும் தவறவிட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் நெப்ராஸ்காவில் என்.பி. மதுரையில் பி.எஸ்சி. நர்சிங், அப்புறம் இங்கே ஐசியூவில் 11 வருடம், அதற்கப்புறம்தான் அக்யூட் கேர் (வார்டு, ஐசியூ நோயாளிகளுக்கான) என்.பி. படித்தேன். நீங்கள் சொல்லும் 500 மணி நேரத்தில் அந்த 11 வருடம் சேராது. நேராகப் படிப்புக்குள் போய் நேராக வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

போன ஜனவரியில் ஒரு ராத்திரி. 70 வயது விவசாயி, மூன்று நாளாக வாந்தி பேதி, அதோடு ரத்த அழுத்த மாத்திரையையும் விடாமல் போட்டிருக்கிறார். பொட்டாசியம் 6.9, இதயத்துக்கே ஆபத்தான அளவு. இசிஜியில் டி அலைகள் கூடாரம் அடித்த மாதிரி நிற்கின்றன. வெளியே சாலை முழுக்கப் பனிக்கட்டி, ஹெலிகாப்டர் எழும்பாது என்று சொல்லிவிட்டார்கள். கால்சியம் குளுக்கோனேட், இன்சுலின், டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்துவிட்டு டெலி-ஹாஸ்பிடலிஸ்டை, அதாவது தூரத்திலிருந்து வார்டு நோயாளிகளைப் பார்க்கும் டாக்டரை, திரையில் கூப்பிட்டேன். அவர் சூ ஃபால்ஸில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்க்கிறார், நான் இங்கே விரலால் கைநாடியைப் பிடித்திருக்கிறேன். காலையில் 5.4. டயாலிசிஸ் உள்ள ஊருக்கு மதியம்தான் அனுப்ப முடிந்தது. அந்த ராத்திரி என் இடத்தில் டாக்டர் இருந்திருந்தால் நல்லதுதான். ஆனால் அங்கே ஒரு டாக்டரும் இருந்திருக்க மாட்டார், அண்ணாச்சி. நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும்.

நெல்லைச்சீமை:
காலி நாற்காலி என்ற வாதத்தை வைத்து எதையும் நியாயப்படுத்தலாம். இன்றைக்கு ராத்திரி மட்டும் என்பார்கள், நாளைக்கு டாக்டர் வேலைக்கான விளம்பரத்தையே நிறுத்திவிடுவார்கள்.

புள்ளிவிவரம் கேட்பீர்கள். 2022-இல் டேவிட் சானும் யிசுன் சென்னும் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சி பிரிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். என்.பி. பார்த்த நோயாளிகள் எமர்ஜென்சியில் இருந்த நேரம் 11 சதவீதம் அதிகம், தவிர்த்திருக்கக்கூடிய அட்மிஷன் 30 நாளுக்குள் 20 சதவீதம் அதிகம். இது யாரோ டாக்டர் சங்கம் எழுதியதில்லை, பொருளாதார ஆட்கள் எழுதியது.

மதுரைமல்லி:
நானும் படித்தேன். ராண்டமாக ஒரு என்.பி.யையும் ஒரு டாக்டரையும் எடுத்து ஒப்பிட்டால் 100-க்கு 38 ஜோடியில் என்.பி.தான் மேல் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதை விட்டுவிட்டீர்கள். 😊 அதோடு அது எமர்ஜென்சி பற்றியது, வார்டு பற்றியதில்லை. ரெண்டு பேரும் டியூட்டியில் இருக்கும் இடத்தில் யார் மேல் என்று பார்த்தது. கரிசல் தம்பியின் ஊரில் அந்த ரெண்டாவது ஆளே கிடையாது.

தூறல்நாடன்:
நான் மருத்துவத் துறை இல்லை, மென்பொருள். அயோவாவில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறி இங்கே ரெண்டு நாள் அட்மிட் பண்ணினோம். வந்த பெண்மணி முதல் வாக்கியத்திலேயே "நான் டாக்டர் இல்லை, நர்ஸ் பிராக்டிஷனர்" என்று சொல்லிவிட்டார். டேப்லெட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து அரை மணி நேரம் பேசினார். அம்மாவுக்கு வைத்தியத்தைவிட அந்தக் குரல்தான் ஆச்சரியம்: "இந்தப் பொண்ணு யாழ்ப்பாணம்டா!" இன்ஹேலரை அம்மா தலைகீழாகப் பிடிப்பதை அந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தார். சென்னையில் ரெண்டு ஸ்பெஷலிஸ்ட் கண்ணில் படாத விஷயம்.

ஒரு சந்தேகம். இந்த ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு காப்பீடு) செலவோடு 1 சதவீதம் கூட்டியே தருகிறதாமே? அப்புறம் டாக்டருக்கு ஏன் பணம் இல்லை?

கரிசல்காட்டான்:
101 சதவீதம் என்பது காகிதத்தில். அது மெடிகேர் நோயாளிகளின் பங்குக்கு மட்டும், அதிலும் பட்ஜெட் வெட்டு போகக் கைக்கு வருவது 99 பக்கம். மற்ற நோயாளிகளுக்கு அதுவும் இல்லை. பணம் இருந்தாலும் ஆள் வர வேண்டுமே. என் வேலைக்கு 14 மாதம் விளம்பரம் போட்டிருந்தார்களாம்.

மல்லி அக்கா, உங்களிடம் ஒன்று. எங்கள் ஊரில் இருக்கும் மூன்று பேரும் ஃபேமிலி என்.பி. நீங்கள் படித்த அக்யூட் கேர் இல்லை. கிளினிக்கில் அருமையாகப் பார்ப்பார்கள். செப்சிஸ் (தொற்றால் உடல் முழுக்கப் பாதிக்கப்படும் நிலை) கேஸை ராத்திரி முழுக்க நிமிர்த்திக் கொண்டுபோகும் பயிற்சி அந்தப் படிப்பில் கிடையாதே?

மதுரைமல்லி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அது வேறு விஷயம். ஃபேமிலி என்.பி. பயிற்சி கிளினிக்குக்கானது. 2022 ஜூலையிலிருந்து கான்சாஸில் டாக்டரின் கையெழுத்து ஒப்பந்தம் இல்லாமலே என்.பி. தொழில் செய்யலாம், சரி. சட்டம் விடுகிறது என்பதற்காகப் படிக்காததைப் படித்ததாக ஆகிவிடுமா? வார்டில் விடுவதென்றால் கொஞ்ச மாதம் ஒரு ஹாஸ்பிடலிஸ்ட் கூடவே நிற்கட்டும், அப்புறம் தனியாக.

நெல்லைச்சீமை:
தங்கச்சி இப்போது என் வழிக்கு வருகிறார்.

மதுரைமல்லி:
வரவில்லை அண்ணாச்சி. நீங்கள் "என்.பி. வேண்டாம்" என்கிறீர்கள். நான் "எந்த என்.பி." என்று கேட்கிறேன்.

நெல்லைச்சீமை:
சரி, தம்பிக்கு உருப்படியாக ரெண்டு சொல்கிறேன். ஒன்று, என்.பி. அட்மிட் செய்யும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் டாக்டருக்குத் தகவல் போக வேண்டும் என்பது மெடிகேர் விதி. படுக்கையில் இருந்தவர்களின் ரெக்கார்டை டாக்டர் அவ்வப்போது பார்த்துக் கையெழுத்தும் போட வேண்டும். அந்தக் கையெழுத்து உன்னுடையதாகத்தான் இருக்கும். பார்க்காத நோயாளிக்கு நீ பொறுப்பு. அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேள். இன்னொன்று, எந்த நோயாளியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை இப்போதே எழுதி வாங்கு. ரத்தத்தில் லாக்டேட் (உடல் திணறுவதைக் காட்டும் அளவு) 4-ஐத் தாண்டினால், காய்ச்சலோடு முதுகுவலி வந்தால் (ஆமாம், அந்தக் கேஸ் என்னை விடவில்லை), யாரையும் கேட்காமல் டிரான்ஸ்ஃபர்.

தூறல்நாடன்:
பனியில் வண்டி போகாத ராத்திரிக்கு?

நெல்லைச்சீமை:
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கரிசல்காட்டான்:
செவ்வாய்க்கிழமை மெடிக்கல் ஸ்டாஃப் மீட்டிங். அக்கா சொன்ன பயிற்சிக் காலம், அண்ணாச்சி சொன்ன டிரான்ஸ்ஃபர் பட்டியல், கையெழுத்துக்கான நேரம், திரையில் 24 மணி நேரமும் ஒரு ஹாஸ்பிடலிஸ்ட். இவ்வளவும் தந்தால் எதிர்த்து ஓட்டுப் போட மாட்டேன் என்று நினைக்கிறேன்.

மதுரைமல்லி:
ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்?

கரிசல்காட்டான்:
திட்டத்தில் 24 என்று இருக்கிறது. எமர்ஜென்சியும் சேர்த்து.

மதுரைமல்லி:
எமர்ஜென்சியும் சேர்த்தா?! ஒரே ஆளா? வார்டில் பி.பி. இறங்கும்போது வாசலில் ஆக்சிடென்ட் கேஸ் வந்து நின்றால் எங்கே ஓடுவார் அந்தப் பிள்ளை? இதற்கு நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் தம்பி.

நெல்லைச்சீமை:
இதில் நான் தங்கச்சி கட்சி. டாக்டரைப் போட்டாலும் இது ஆகாது. அந்த 24-ஐ முதலில் அடிக்கச் சொல், மற்றதெல்லாம் அப்புறம்.