வலையில் சிக்கிய தாய் வௌவால்

முதுகலை மாணவி, தாம்பரம்:
நெட்டிலிங்க மரங்களில் தங்கும் குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவால்களை ஆய்வேட்டுக்காகப் பிடித்து அளந்துகொண்டிருந்தோம். இரவு எட்டரை மணிக்கு வலை அதிர்ந்தது. தலைவிளக்கைத் திருப்பினால், தாயின் மார்பில் குட்டியொன்று முலைக்காம்பைக் கவ்வியபடி தொங்கியது. நான் நூலை ஒவ்வொன்றாக விடுவித்த பத்து நிமிடமும் தாய் என் கையுறையைக் கடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் குட்டியின்மேல் மூடியிருந்த சிறகை மட்டும் ஒருமுறைகூட விலக்கவில்லை. வழக்கமாக 70 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் முன்கையை அளக்காமல், எடையும் பார்க்காமல் விட்டுவிட்டேன். அது தாழப் பறந்து பாதாம் மரத்துக்குள் மறைந்தது. குட்டி அதன் மார்பிலேயே தங்கியதா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஆய்வு மாணவர், அடையாறு:
அளக்காமல் விட்டது சரியே, சகோதரி. பத்து நிமிடம் எடுத்ததுதான் சரியில்லை. எனக்கும் ஒரு குட்டி கையிலேயே கழன்று விழுந்திருக்கிறது. அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. குட்டிகள் பாலருந்தும் மாதங்களில் வலை விரிக்காதீர்கள். விரித்தே ஆகவேண்டுமானால் அதன் அருகிலேயே நில்லுங்கள், நூல் அதிகம் சுற்றிவிட்டால் சிறு கத்தரிக்கோலால் வலையை வெட்டிவிடுங்கள்; வலை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் களத்துக்குப் போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், கடிபட்டால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியதையும் மறக்க வேண்டாம்.

குடியிருப்புவாசி, கே.கே. நகர்:
தடுப்பூசியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நிபாவை அப்படி ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போவதை ஏற்க இயலவில்லை. அந்த வைரஸின் இயற்கை இருப்பிடமாக அறியப்படுவது பெரிய பழந்தின்னி வௌவால். ஆனால் செய்தி வந்த வாரமே எங்கள் குடியிருப்பில் இந்தச் சிறிய வௌவால்கள் தங்கியிருந்த நெட்டிலிங்க வரிசையை வெட்டினார்கள். பழந்தின்னிகளை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்களாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்த காலம் அது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அந்த அட்டவணையையே நீக்கியது. ஆண் வௌவால் காம்புகளைக் கடித்துக் கடித்து அமைத்த இலைக்கூடாரம் கிளையோடு தரையில் கிடந்தது. மறுநாள் விடியலில் அவை திரும்பி வந்து, மரம் நின்றிருந்த அதே உயரத்தில், எதுவுமில்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன.