மூணாவது கியர் பிடிக்கல, யோசனை சொல்லுங்க

நண்பர்களே, ஹூஸ்டன்ல இருக்கேன். 2001 மாடல் பிக்கப், 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 1,90,000 மைல் ஓடியாச்சு. 1, 2, ரிவர்ஸ் எல்லாம் சரியா விழுது. மூணுக்கு மாறும்போதுதான் இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி வேகம் எடுக்க மாட்டேங்குது. கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்குற குச்சியை (டிப்ஸ்டிக்) உருவிப் பார்த்தேன். ஆயில் சிவப்பு போய் டிக்காஷன் நிறம், தீஞ்ச வாடை வேற. கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கிற ஆயில் தட்டைக் கழற்றினா அதுல கருப்புத் தூள்.

மூணுக்கும் நாலுக்கும் ஒரே கிளட்ச் பேக் (உராய்வுத் தட்டுகளோட அடுக்கு) தானே, அதுதான் போயிருக்கும்னு நினைக்கிறேன். தெரிஞ்ச மெக்கானிக் ஃப்ளஷ் பண்ண, அதாவது பழைய ஆயிலை முழுசா வெளியேத்திப் புதுசு ஊத்தச் சொல்றார். தேஞ்ச கிளட்ச் ஃப்ளஷ் பண்ணா வளருமா என்ன!

இதையே பிரிச்சு தேஞ்சதை மாத்தி ரீபில்ட் பண்ணவா, பழைய கியர்பாக்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டவா? வண்டியை விக்க மனசு வரல. அதுவரை ரெண்டாவது கியர்லயே வச்சு பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டலாமா?