ஷவர் தண்ணீரில் லெஜியோனெல்லா: கட்டடம் முழுவதையும் கிருமிநீக்கம் செய்யத்தான் வேண்டுமா?

லெஸ்டர்_பராமரிப்பு (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடிகள். சைக்கிளில் வருபவர்களுக்காக இரண்டாம் மாடியின் மேற்குப் பக்கம் ஒரு ஷவர் இருக்கிறது. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்வதால் அதை அதிகம் பேர் தொடுவதில்லை.

தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதித்த முடிவு இப்போது வந்திருக்கிறது. ஷவரில் லிட்டருக்கு 1,400 சிஎஃப்யு (ஆய்வகத்தில் வளரும் கிருமிக் கூட்டங்களின் எண்ணிக்கை) லெஜியோனெல்லா, அதாவது நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. பக்கத்துக் கைகழுவும் குழாயில் 200. மற்ற இடங்களில் ஒன்றும் இல்லை. மாதிரி எடுத்த ஒப்பந்தக்காரர், கட்டடம் முழுக்கக் குளோரின் ஏற்றிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார். கீழே உள்ள கலோரிஃபயரில் (வெந்நீர் சூடாக்கும் தொட்டியில்) 61 டிகிரி காட்டுகிறது, அதனால் வெந்நீரில் கோளாறு இல்லை என்கிறார். அப்படியென்றால் கிருமி எங்கிருந்து வந்தது?

ஒரு வாரமாக மனது சரியில்லை. அந்த ஷவரைப் பயன்படுத்துபவர்களில் ஒருவர் என் நண்பர், ஐம்பதைத் தாண்டியவர், ஆஸ்துமா உண்டு. என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது?

குழாய்த்தடம்

முதல் வேலை: அந்த ஷவரை இன்றே மூடுங்கள். கதவில் காகிதம் ஒட்டினால் போதாது, தண்ணீர் வராதபடி வால்வை அடையுங்கள். கைகழுவும் குழாயில் நீர்த்துளிகள் காற்றில் பரவுவது ஷவரை விடக் குறைவு என்றாலும், காரணம் தெரியும்வரை அதையும் நிறுத்தி வைப்பது நல்லது.

குளோரினுக்கு இப்போதே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயிரத்தைத் தாண்டினால் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும், கட்டுப்பாட்டு ஏற்பாடுகளையும் இடர் மதிப்பீட்டையும் உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றுதான் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு (எச்எஸ்இ) வெளியிட்ட எச்எஸ்ஜி 274 வழிகாட்டியின் இரண்டாம் பகுதி சொல்கிறது. அந்த மறுபரிசீலனையில் தேவைப்பட்டால் கிருமிநீக்கம் வரும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குளோரின் ஊற்றினால், குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலத்தில் ஒளிந்தது சில வாரங்களில் திரும்பப் பெருகும். நான் பார்த்த கட்டடங்களில் பணம் வீணானது பெரும்பாலும் இப்படித்தான்.

கலோரிஃபயரில் 61 என்பது நல்ல செய்தி, ஆனால் அது ஒரு முனை மட்டுமே. இந்தக் கிருமி பெருகுவது 20 முதல் 45 டிகிரிக்குள். வெந்நீர் குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரியைத் தொட வேண்டும். குளிர்நீர் இரண்டு நிமிடத்துக்குள் 20-க்குக் கீழே வர வேண்டும். இவற்றை அளந்து போடுங்கள்: கலோரிஃபயரிலிருந்து போகும் நீர், அதற்குத் திரும்பி வரும் நீர், ஒவ்வொரு மாடியிலும் இரண்டு பக்கத்துக் குழாய்கள்.

ஷவரில் கலந்து வரும் நீரை அளந்து எழுதாதீர்கள். அங்கே மிக்சிங் வால்வு இருக்கும். உடம்பு சுடாமல் இருக்க அதுவே 41 டிகிரிக்குக் கலந்து விடுகிறது, அந்த எண்ணால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வால்வுக்குள் நுழையும் வெந்நீர்க் குழாயின் மேல் தொடு உணர்வியை வைத்து அளக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி. மாதிரியைக் குழாய் திறந்தவுடன் எடுத்தார்களா, ஓடவிட்டு எடுத்தார்களா? திறந்தவுடன் எடுத்ததில் மட்டும் கிருமி இருந்தால் ஷவர் தலை, ஹோஸ், வால்வு ஆகியவற்றோடு நிற்கும். ஓடவிட்டு எடுத்ததிலும் இருந்தால் பின்னால் உள்ள குழாயில் தேட வேண்டும்.

வார்டு_செவிலி

உடல்நலம் பற்றி மட்டும் சொல்கிறேன். இது தண்ணீரைக் குடிப்பதால் வருவது குறைவு. நுண்ணிய துளிகளை மூச்சோடு இழுக்கும்போதுதான் நுரையீரலுக்குள் போகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. வழக்கமாக 2 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல், தசைவலி, வறட்டு இருமல், மூச்சுத்திணறல் தொடங்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் குழப்பமும் வரும்.

45 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை, சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். உங்கள் நண்பரிடம் விஷயத்தை மறைக்காதீர்கள். அறிகுறி எதுவும் இருந்தால், "வேலை இடத்து ஷவரில் லெஜியோனெல்லா கண்டுபிடித்தார்கள்" என்று மருத்துவரிடம் அவரே சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் சாதாரண நிமோனியாவாக நினைத்து, பலன் தராத ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, விரைவாக முடிவு வரும். ஆனால் அது முக்கியமாக முதலாம் சீரோகுரூப் என்ற ஒரு வகையைத்தான் பிடிக்கும். அதனால் நெகட்டிவ் வந்தாலும் மருத்துவர் சந்தேகப்பட்டால் சளிப் பரிசோதனையும் செய்வார்கள்.

லெஸ்டர்_பராமரிப்பு

ரொம்ப நன்றி. ஷவரையும் குழாயையும் அடைத்துவிட்டேன். நண்பரிடம் பேசினேன், நலமாக இருக்கிறார்.

அளந்தது இது. கலோரிஃபயரிலிருந்து போவது 61, திரும்பி வருவது 48. தரைத்தளத்தில் வெந்நீர் 57, குளிர்நீர் 15. முதல் மாடியில் 55, 16. இரண்டாம் மாடி கிழக்கில் 53, 17. மேற்கில், ஷவருக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு நிமிடம் கழித்து 41, நெடுநேரம் ஓடவிட்டால் 47. குளிர்நீர் 24-க்குக் கீழே வரவே இல்லை. மாதிரிகள் எல்லாம் குழாய் திறந்தவுடன் எடுத்தவையாம்.

குழாய்த்தடம்

உங்கள் எண்களே இடத்தைக் காட்டிவிட்டன. கொதிகலனும் தொட்டியும் சரியாக இருக்கின்றன. இரண்டாம் மாடி மேற்குக் கிளையில் வெந்நீர் சுற்றவில்லை. திரும்பி வரும் நீர் 50-க்கு மேல் இருக்க வேண்டும். உங்களுக்கு 48 வருவது, ஆறிப்போன கிளை ஒன்று அதில் கலப்பதால் இருக்கலாம். ரிட்டர்ன் பைப்புகளைக் கையில் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அந்தக் கிளையின் பேலன்சிங் வால்வு (கிளைகளுக்கு இடையே ஓட்டத்தைச் சமன்செய்வது) எந்த நிலையில் இருக்கிறது, காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர்நீர் 24 என்பது தனிக் கோளாறு. வெந்நீர்க் குழாயும் குளிர்நீர்க் குழாயும் ஒரே பெட்டிக்குள் லேகிங் (வெப்பக் காப்பு உறை) இல்லாமல் போகின்றனவா? உட்கூரை டைலைத் தூக்கிப் பாருங்கள். பார்க்கும்போது, முனையை மூடிவிட்டுப் போன பழைய குழாய் எதுவும் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். பான்ட்ரியை, சிங்க்கை இடம் மாற்றும்போது வேலைக்காரர்கள் மூடி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே தண்ணீர் வருடக்கணக்கில் நிற்கும்.

அண்ணாநகர்_வாசி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் ஒரு அலுவலகக் கட்டடம் பார்க்கிறேன். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கையை வைக்க முடியாது. 20 டிகிரி என்பது எங்களுக்கு நடக்காத காரியம். அப்போது என்ன வழி?

குழாய்த்தடம்

அண்ணா, உங்கள் ஊரில் குளிர்நீரை வெப்பநிலையால் கட்டுப்படுத்த முடியாது. அப்படியானால் குளோரினையும் ஓட்டத்தையும்தான் நம்ப வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்று சோதியுங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரமும் குறைந்தபட்சமாக அதைத்தான் கேட்கிறது. வெயிலில் குளோரின் சீக்கிரம் போய்விடும் என்பதால் தொட்டியில் அளந்தால் மட்டும் போதாது. தொட்டிக்கு நிழல், இறுக்கமான மூடி, அடியில் சேரும் வண்டலை எடுப்பது, ஒரு நாளில் தீரும் அளவுக்கே நிரப்புவது என்று போங்கள். கீசரை 60-இல் வையுங்கள்.

உங்கள் கட்டடத்தில் ஏசிக்குக் கூலிங் டவர் இருந்தால், ஷவரை விட அதுதான் முக்கியம். அதன் சாரல் கட்டடத்துக்கு வெளியே தெருவில் போகிறவர்களுக்கும் போகும். 2002-இல் இங்கே இங்கிலாந்தில் பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரில் நகராட்சியின் கலை மையத்திலிருந்த கூலிங் டவரால் 7 பேர் இறந்தார்கள். நோய்ப்பட்டவர்கள் நூறுக்கும் மேல். தண்ணீருக்கு மருந்து போடும் ஒப்பந்தம் நின்றுபோயிருந்தது. அதைக் கவனிக்க வேண்டியது யார் என்பதில் தெளிவு இல்லை. நோய்ப்பட்டவர்களில் பலர் அந்தக் கட்டடத்துக்குள் காலே வைக்காதவர்கள்.

லெஸ்டர்_பராமரிப்பு

டைலைத் தூக்கிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. மேற்குக் கிளையின் பேலன்சிங் வால்வு ஏறக்குறைய மூடியே கிடந்தது. இரண்டு குழாய்களும் ஒன்றை ஒன்று தொட்டபடி, லேகிங் இல்லாமல். பழைய பான்ட்ரி இருந்த இடத்திலிருந்து மூன்று மீட்டர் குழாய், முனை மூடியபடி, உள்ளே தண்ணீரோடு.

அந்தக் குழாயை டீ (குழாய் பிரியும் T வடிவ இணைப்பு) வரைக்கும் வெட்டி எடுத்தாயிற்று. குழாய்களைப் பிரித்து லேகிங் சுற்றினோம், வால்வைச் சரிசெய்தோம். இப்போது மேற்கில் வெந்நீர் ஒரு நிமிடத்தில் 53, குளிர்நீர் 18. கலோரிஃபயருக்குத் திரும்புவது 52. இனி கிருமிநீக்கம் வேண்டுமா?

குழாய்த்தடம்

வேண்டும், ஆனால் அந்தக் கிளைக்கு மட்டும் போதும் என்பது என் கருத்து. மற்ற மாடிகளில் எண்களும் சரி, மாதிரிகளும் சரி. ஷவர் தலையையும் ஹோஸையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், விலை கம்மிதான். மிக்சிங் வால்வின் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அழுக்கு அங்கேதான் தங்கும். பிறகு 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) குளோரினை ஒரு மணி நேரம் நிற்க வைத்து, நன்றாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.

மறுமாதிரியை அதே நாளில் எடுக்க விடாதீர்கள். குளோரின் மிச்சம் இருக்கும்போது எடுத்தால் நல்ல முடிவுதான் வரும், அதில் அர்த்தமில்லை. சில நாள் விட்டு, யுகேஏஎஸ் (பிரிட்டனின் ஆய்வக அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு, திறந்தவுடன் ஒன்று, ஓடவிட்டு ஒன்று என இரண்டாக அனுப்புங்கள். வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை என்பதால் முடிவுக்குப் பத்து நாள் வரை ஆகும். அதுவரை ஷவர் மூடியே இருக்கட்டும். முடிவு சரியாக வந்த பிறகும் சில காலம் அடிக்கடி மாதிரி எடுங்கள்.

அப்புறம், அதிகம் புழங்காத குழாயை வாரம் ஒரு முறையாவது ஓடவிட வேண்டும். ஷவரை ஓடவிடும்போது தலையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, மூலையில் வெட்டித் தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போகும்படி செய்யச் சொல்லுங்கள். செய்பவர் சாரலை மூச்சில் இழுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஷவர் தலையின் உப்புப் படிவை நீக்க வேண்டும். பதிவேட்டில் தேதி, வெப்பநிலை, கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். அளவீட்டுப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று எச்எஸ்இ-யின் எல்8 நடைமுறை விதித்தொகுப்பு சொல்கிறது.

அந்த ஷவர் உண்மையிலேயே தேவையா என்றும் நிர்வாகத்திடம் கேளுங்கள். தேவையில்லை என்றால் டீ வரைக்கும் எடுத்துவிடலாம்.

லெஸ்டர்_பராமரிப்பு

கேட்டேன். சைக்கிளில் வருபவர்கள் இரண்டு பேர் தினமும் பயன்படுத்த விரும்புகிறார்கள், அதனால் ஷவர் இருக்கப் போகிறது. கிளைக்கு மட்டும் கிருமிநீக்கம் என்றதும் ஒப்பந்தக்காரர் கேட்ட தொகை நன்றாகக் குறைந்துவிட்டது. வாராந்தர ஓட்டத்துக்குத் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் பெயரும், அவர் விடுப்பில் போனால் செய்ய என் பெயரும் இடர் மதிப்பீட்டில் எழுதியாயிற்று. பை கட்டும் முறையை அவருக்கு நானே செய்து காட்டினேன். மறுமாதிரி முடிவு வந்ததும் இரண்டு எண்களையும் இங்கே போடுகிறேன்.