பாறை ஏறுபவருக்கு டைவர் வாட்ச் எதற்கு?

நீலமுள்:
மூன்று மாதமாக இரண்டு வாட்சை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். ஒன்று எஃகு உடம்பும் எஃகு சங்கிலியும் உள்ள, 200 மீட்டர் நீர்த்தாங்கு அளவு கொண்ட ஆட்டோமேட்டிக் டைவர், அதாவது கை அசைவில் தானே சாவி ஏறும் முக்குளிப்பு வாட்ச். இன்னொன்று கேசியோவின் சதுர டிஜிட்டல் வாட்ச், ஜி-ஷாக் 5600. வாரக் கடைசியில் பாறை ஏறுவது என் வழக்கம். "முரட்டு வேலைக்கு டைவர் வாட்ச்தான்" என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள், நம்பி வாங்கினேன். அது தப்பான யோசனை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பாறைப் பிளவுக்குள் கையைச் செருகி மணிக்கட்டை மடக்கும்போது டைவரின் கிரவுன் (பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சாவிக் குமிழ்) புறங்கையில் குத்துகிறது. இறங்கி வந்து பார்த்தால், அதன் பற்கள் பதிந்த சிவப்பு வட்டம் தோலில் அப்படியே இருக்கும். போன வாரம் பாறையில் ஒரு இடி இடித்தது. அதுவரை நாளுக்கு 6 நொடி முந்திய வாட்ச் இப்போது 40 நொடி முந்துகிறது. 5600 அதைவிட நிறைய அடி வாங்கியிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

பழையகிரவுன்:
நண்பரே, டைவர் வாட்ச் அடி வாங்குவதற்காகப் பிறந்ததே இல்லை. 1953-இல் சுவிஸ் நிறுவனமான பிளாங்பானின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் டைவர் வாட்ச் வந்தது பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக. அவர்களுக்கு வேண்டியது இரண்டுதான்: இருட்டில் டயல் தெரிய வேண்டும், இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரே பார்வையில் புரிய வேண்டும். டயலைச் சுற்றித் திரும்பும் வளையமான பெசல் அதற்குத்தான். இன்றைய பெசல் ஒரு பக்கம்தான் திரும்பும். ஏதாவது இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவர் சீக்கிரம் மேலே வருவார், தாமதமாக அல்ல. இவ்வளவு யோசித்துச் செய்த பொருளைப் பாறையில் தேய்த்துவிட்டுக் குறை சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீலமுள்:
பெசல் அருமையான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் முக்குளிப்பு வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில் அதிர்ச்சிச் சோதனையும் இருக்கிறதே? அது எவ்வளவு என்று பாருங்கள்: 1 மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழுவதற்குச் சமம். கேசியோ பொறியாளர் கிக்குவோ இபே ஜி-ஷாக்கை வடிவமைக்கும்போது வைத்துக்கொண்ட இலக்கு 10 மீட்டர். சுமார் 200 மாதிரிகளை உடைத்த பிறகுதான் 1983-இல் முதல் வாட்ச் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருக்கும் இயந்திரம் ஒரு சில புள்ளிகளில் மட்டும் தாங்கி மிதக்கிற மாதிரி வைத்தார். இரண்டையும் 'உறுதி' என்ற ஒரே சொல்லில் அடைப்பதுதான் என் சண்டை.

கடலடி:
நான் முக்குளிப்பவன். இடது கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், வலது கையில் டைவர் வாட்ச். ஒருமுறை 18 மீட்டரில் கம்ப்யூட்டர் திரை திடீரென்று வெறுமையானது. முக்குளிப்பை அங்கேயே முடித்து, ஆழமானியைப் பார்த்தபடி மெதுவாக ஏறி, மேலே வருமுன் பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய மூன்று நிமிடத்துக்கு 5 மீட்டரில் நின்றேன். பெசலின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தேன். கலங்கிய தண்ணீரில் அந்தப் பச்சை வெளிச்சம் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. முள் மூன்று கோட்டைத் தாண்டியதும் மேலே வந்தேன். அந்த மூன்று நிமிடத்துக்காக இந்த வாட்சை வாழ்நாள் முழுக்கக் கட்டுவேன்.

நீலமுள்:
படிக்கும்போதே மூச்சு நின்றது. ஆனால் 5600-உம் 200 மீட்டர்தானே, ஸ்டாப்வாட்ச் இருக்கிறதே?

கடலடி:
பெரும்பாலான டிஜிட்டல் வாட்சுகளின் கையேட்டில் தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தாதீர்கள் என்று இருக்கும். அழுத்தும்போது ரப்பர் வளையத்தின் வழியாக நீர் புக வாய்ப்பு உண்டு. அப்புறம், தடித்த கையுறையோடு அந்தச் சின்னப் பொத்தானைத் தேடிப் பாருங்கள். பெசலை உள்ளங்கையாலேயே திருப்பிவிடலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஆகவே 200 என்ற எண் எனக்கும் பெரிதில்லை.

மூன்றாம்மணி:
நான் கடலுக்கும் போனதில்லை, பாறையிலும் ஏறியதில்லை. குழந்தைக்கு மருந்து கொடுத்ததும் பெசலைத் திருப்பி வைப்பேன். நடு இரவில் விளக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு டைவர் வாட்ச்தான் வேண்டும்.

பழையகிரவுன்:
நீலமுள், அந்த 40 நொடிக்கு இடி காரணம் இல்லாமலும் இருக்கலாம். வாட்சின் வேகத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமாக ஓடும். உங்கள் போன் உறையில் காந்தம் உண்டா? மலைக்குப் போகிறவரிடம் திசைகாட்டி இருக்கும். வாட்சை அதன் பக்கத்தில் மெல்ல நகர்த்துங்கள். ஊசி சட்டென்று ஆடினால் காந்தம்தான்.

நீலமுள்:
ஆடியது, நன்றாகவே. உறையை மூடும் இடத்தில் காந்தம் இருக்கிறது, இரவில் வாட்சை அதன் மேல்தான் வைப்பேன். இன்று கடையில் காந்தம் நீக்கும் கருவியில் ஒருமுறை வைத்து எடுத்தார்கள். ஒரு நிமிட வேலை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

பழையகிரவுன்:
பின்மூடியைத் திறந்தார்களா? திறந்திருந்தால் அழுத்தச் சோதனை முடியும்வரை தண்ணீரில் இறங்காதீர்கள்.

நீலமுள்:
திறக்கவில்லை. 24 மணி நேரத்தில் 7 நொடி முந்தியிருக்கிறது. பாறையின் மேல் போட்ட பழியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நன்றி. ஆனால் புறங்கையில் அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை பாறைக்கு 5600-தான் வரும்.