சல்மன் தோலில் எடுத்த கொலாஜன் பஞ்சு 37 பாகையில் கரைந்து போகிறது, என்ன பிழை?

ஆய்வுகூடப்பூனை:
கம்பஸ் இறுதியாண்டு ஆய்வுக்கு மீன் தோலிலிருந்து கொலாஜன் எடுத்து, கலங்கள் வளர்க்க ஒரு பஞ்சு செய்துகொண்டிருக்கிறேன். தெரிந்த அண்ணா ஒருவருக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை, அவர் சல்மன் தோலைச் சும்மாவே தந்தார், ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தேன் (பக்கத்து சீட் அம்மா இறங்கும்வரை மூக்கைப் பொத்தியபடியே இருந்தார்). 0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில் கழுவி, 0.5 மோலார் அசற்றிக் அமிலத்தில் மூன்று நாள் ஊறவைத்து, உப்புப் போட்டு வீழ்படிவாக்கி, உறைய வைத்து உலர்த்தினேன். வெள்ளை வெளேரென்று அழகாக வந்தது. வளர்ப்பூடகம் ஊற்றி 37 பாகை இன்கியூபேட்டரில் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தட்டில் சளி மாதிரி ஏதோ கிடக்கிறது. மூன்று தரம் இதே கதை. சூப்பவைசர் கையில்தான் பிழை என்கிறார்.

கடல்நார்:
பிழை கையில் இல்லை தம்பி, மீனில். கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுகிய கயிறு மாதிரி, அந்த முறுக்கைப் பிடித்து வைப்பதில் புரோலின், ஐதரொட்சிபுரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கும் பெரிய பங்கு. குளிர்க்கடல் மீனில் இவை குறைவு, அந்தக் குளிரில் வாழ அதற்கு அதிகம் தேவையும் இல்லை. கொட் மீனின் கொலாஜன் 15 பாகையை ஒட்டியே முறுக்கவிழ்ந்து ஜெலற்றினாகிவிடும், சல்மன் இனத்தில் 19ஐ ஒட்டி. திலாப்பியா 35 வரை தாங்கும், மாட்டுத் தோல் 40க்குக் கிட்ட. கொழும்பில் ஃபேனுக்குக் கீழே மேசையே 30 பாகை! உலர்ந்திருக்கும்வரை தாங்கும், நனைந்தால்தான் சிக்கல், அதனால்தான் முதலில் அழகாக இருந்தது. ஒன்று சொல்லுங்கள், அமிலத்தில் ஊறிய மூன்று நாளும் 4 பாகையில்தானா?

ஆய்வுகூடப்பூனை:
இரண்டு நாள் பிரிட்ஜில். மூன்றாம் நாள் யாரோ இடமில்லை என்று போத்தலை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள், ஒரு ராத்திரி முழுக்க. அதைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டுதான் எழுதினேன்.

கடல்நார்:
அப்படியென்றால் அந்தத் தொகுதி உலர்த்த முன்பே ஜெலற்றின். ஜெல் ஓட்டி, அதாவது மின்சாரத்தால் புரதங்களைப் பருமன்படி பிரித்துப் பார்த்தால் தெரியாது, அங்கே எப்படியும் முறுக்கை அவிழ்த்துத்தான் ஓட்டுகிறோம். சிடி கருவி (புரதத்தின் முறுக்கை ஒளியால் பார்ப்பது) கிடைத்தால் 221 நானோமீற்றரில் சிறு முகடு நிற்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் முறுக்குப் போய்விட்டது.

பேலியகொடை_வாசி:
குறுக்கே வருகிறேன். கெரெசிஸ் என்ற ஐஸ்லாந்து நிறுவனம் கொட் தோலை மனிதப் புண்ணிலேயே வைக்கிறதே, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏயின் அனுமதியும் கிடைத்தது. 15 பாகையில் கரைகிறதென்றால் அது எப்படி நிற்கிறது?

கடல்நார்:
நல்ல கேள்வி. அவர்கள் தோலைக் கரைக்கவே இல்லை, கலங்களை மட்டும் நீக்குகிறார்கள், நார்கள் மீன் பின்னியபடியே, இயற்கையான குறுக்குப் பிணைப்புகளோடு இருக்கின்றன. நம் தம்பியோ அமிலத்தில் போட்டுப் பாயைப் பிரித்துத் தனித்தனிப் பன் புல்லாக்கிவிட்டார். பிரேசிலில் போர்ட்டலேசாவில் தீக்காயத்துக்குப் போர்த்துவதும் முழுத் திலாப்பியா தோல்தான், கிளிசரோலில் பதப்படுத்தி.

பஞ்சுதான் வேண்டுமென்றால் பிரித்த பன்னைத் திரும்பக் கட்ட வேண்டும். உலர்ந்த பஞ்சை வெற்றிடத்தில் 105 பாகையில் ஒரு நாள் வைக்கலாம், ஈரமில்லாததால் முறுக்குக் கலையாது. அல்லது எதனோல் கலந்த கரைசலில், குளிரில், இழைகளைக் குறுக்கே பிணைக்கும் இரசாயனங்களான ஈடிசியும் என்எச்எஸ்ஸும் போடலாம். ஜப்பானில் சல்மன் கொலாஜனையே ஈடிசி போட்டு 37ஐத் தாண்ட வைத்திருக்கிறார்கள், ஆகவே சல்மன் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதே வேலை செய்யும் குளூட்டரல்டிகைட் மலிவு, ஆனால் மிச்சம் தங்கினால் கலங்கள் செத்துப்போகும். என்னைக் கேட்டால் அனுராதபுரத்துக் குளத்துத் திலாப்பியா. 1952இலிருந்தே நம் குளங்களில் இருக்கிற மீனை விட்டுவிட்டு ஏன் பனிநாட்டு மீனோடு மல்லுக்கட்ட வேண்டும்?

வெள்ளவத்தை_மருமகள்:
சம்பந்தமில்லாத கேள்வி, மன்னியுங்கள். பார்மசியில் விற்கிற மீன் கொலாஜன் பவுடரை வாங்கிக் கரைத்தால் பஞ்சு வராதா? மாமி ஒரு டப்பா வைத்திருக்கிறா.

கடல்நார்:
வராது. அது நொதி போட்டுத் துண்டு துண்டாக வெட்டியது, முறுக இழையே இல்லை. மாமி தேத்தண்ணியில் போட்டுக் குடிக்கட்டும்.

ஆய்வுகூடப்பூனை:
நன்றி அண்ணா. சனிக்கிழமை திலாப்பியா வாங்கப் போகிறேன். பிரிட்ஜ் தட்டில் பெயர் எழுதி டேப்பும் ஒட்டியாச்சு.