விசாரணைக்கென்று அழைத்துச் சென்றால் அது கைதாகுமா?

கேள்வி: ஆசிரியை, வடமராட்சி

வணக்கம். எமது அயலிலுள்ள இளைஞர் ஒருவரை வேலை முடிந்து வரும் வழியில் மறித்த பொலிஸார், சிறு விசாரணை ஒன்று இருப்பதாகச் சொல்லித் தம்முடன் கூட்டிச் சென்றார்கள். காரணம் எதுவும் கூறவில்லை. நீதவான் முன் நிறுத்தாமலே வைத்திருந்து மூன்றாம் நாள் இரவு விட்டார்கள். சிங்களத்தில் எழுதிய தாள் ஒன்றில் கையொப்பமும் வாங்கியிருக்கிறார்கள். அவருக்கு அம்மொழி வாசிக்கத் தெரியாது. தாயார் போய்க் கேட்டபோது, அவரைக் கைது செய்யவேயில்லை என்று பதில் சொன்னார்களாம். இதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா? அந்தத் தாள் பின்னர் அவருக்கு எதிராக வருமா என்று தாயார் மிகவும் அஞ்சுகிறார்.

பதில்: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

ஆசிரியை அவர்களுக்கு, பரிகாரம் உண்டு. ஆனால் காலம் மிகக் குறுகியது. 1989ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் வெளியான நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில், பஸ்ஸில் பயணம் செய்த ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்குத் தம்முடன் வரும்படி அதிகாரி பணித்த கணத்திலேயே அவர் சட்டத்தின் பார்வையில் கைதாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் அவருக்கு அப்போது இருக்கவில்லை என்பதே அடிப்படை. ஆகவே "கைது செய்யவில்லை" என்ற பதில் நீதிமன்றத்தில் நிலைக்கக்கூடியதன்று.

கைதென்றால் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(1) உறுப்புரையும், நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று 13(2) உறுப்புரையும் விதிக்கின்றன. பொதுச் சட்டத்தின்படி, பயண நேரம் நீங்கலாக, அதற்கு 24 மணித்தியாலமே அவகாசம். இவை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். தடுத்து வைக்கப்பட்டவருக்கு அந்த மாதம் அவர் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட நேரத்திலிருந்தே கணிக்கப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. இளைஞர் வெளியே வந்த திகதியை இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: சட்டத்துறை மாணவன், யாழ். பல்கலைக்கழகம்

தாளைப் பற்றிய கேள்விக்கு என் பதில் இது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக எண்பிக்க முடியாது. ஆனால் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலை அதன் 16ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டதென எண்பிக்கும் சுமையையும் எதிரியின் தலையிலேயே ஏற்றுகிறது.

சிங்கராசா என்ற தமிழரின் வழக்கு இதன் கொடுமையைக் காட்டுகிறது. தனக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதலின் பேரில் 1995இல் அவருக்கு 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 வருடமாகக் குறைந்தது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் கண்டது. ஆயினும், அக்குழுவிடம் தனிநபர்கள் முறையிட வழிவகுத்த நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்த்து, அக்குழுவின் முடிவை வைத்து அவர் தாக்கல் செய்த மனுவை நிராகரித்தது. ஒப்புதல் சுயவிருப்பின்றிப் பெறப்பட்டதென்று காட்ட, அடைபட்டிருந்த மனிதரே தன் காயங்களுக்குச் சாட்சி தேட வேண்டும் என்பதை நீதியென்று ஏற்க என்னால் முடியவில்லை.

ஆசிரியை: மிக்க நன்றி. தாயார் யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய எண்ணுகிறார். அது போதுமா?

சட்டத்தரணி: முறைப்பாடு செய்வது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மாத்திரம் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல மனுக்களில் வலியுறுத்தியிருக்கிறது. எனவே ஆணைக்குழுவிடமிருந்து எழுத்தில் கடிதம் பெறுங்கள், சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு மனுவையும் சமகாலத்தில் தயாரியுங்கள். தாக்கப்பட்டிருந்தால் தழும்பு ஆறுமுன் அரச வைத்தியசாலையில் அனுமதி பெற்று, நடந்ததைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் சொல்லிப் பதிவு செய்விக்க வேண்டும். தாளில் கையொப்பமிட்ட சூழ்நிலையையும், அங்கிருந்தவர்களின் தரத்தையும், நாளையும் நேரத்தையும் அவர் நினைவு மங்குமுன் தன் கையாலேயே தமிழில் எழுதி வைக்கட்டும்.